முக்கால் மீட்டர் உயரத்தில் ஒரு காடு

மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான பெர்த்தில் எந்தத் தனிவீட்டு வாசலில் நின்று பார்த்தாலும், வீட்டு எல்லை முடியும் இடத்துக்கும் தார்ச்சாலையின் கல்விளிம்புக்கும் நடுவே சில மீட்டர் அகலத்தில் ஒரு துண்டு நிலம் கிடக்கும். பெர்த்வாசிகள் அதை ‘வெர்ஜ்’ என்பார்கள். மெல்போர்ன்காரர்களுக்கு அது ‘நேச்சர் ஸ்ட்ரிப்’. நிலம் அரசுக்குச் சொந்தம். நிர்வாகம் நகராட்சியின் கையில். புல் வெட்டுவது, தண்ணீர் விடுவது, களை பிடுங்குவது எல்லாம் எதிரே குடியிருப்பவர் தலையில். தமக்குச் சொந்தமில்லாத மண்ணுக்குத் தலைமுறை தலைமுறையாக மக்கள் இப்படி உழைத்து வருகிறார்கள். அந்தப் புல்லில் யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. குப்பைத்தொட்டி வைக்கவும், விருந்தாளியின் கார் நிற்கவும்தான் அது பயன்படும்.

கடந்த சில ஆண்டுகளாக இந்தப் புல்லைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த மண்ணுக்கே உரிய செடிகளை நடும் பழக்கம் பரவி வருகிறது. வின்சென்ட் போன்ற நகராட்சிகள் ‘வெர்ஜைத் தத்தெடுங்கள்’ என்று திட்டமே வைத்து ஊக்கப்படுத்துகின்றன. கூடவே விதிகளும் வந்தன: எவ்வளவு உயரம், எங்கே இடைவெளி, எந்தச் செடி கூடாது, யார் மரம் நடலாம். படிக்கச் சலிப்பூட்டும் சங்கதிதான். ஆனால் ஒரு தெரு ஓரத்தில் எந்த உயிர் பிழைக்கும் என்பதை மண்ணும் மழையும் பாதி தீர்மானித்தால், மறுபாதியை இந்த விதிகள்தான் தீர்மானிக்கின்றன. அந்தக் கோணத்தில் படித்தால் சுவாரசியம் கூடும்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. 1970க்குப் பிறகு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான மழை சுமார் 16 சதவீதம் குறைந்திருக்கிறது. அப்படியானால் அணைக்கு வரும் நீரும் 16 சதவீதம்தானே குறையும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் காய்ந்த மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்டு மிச்சத்தைத்தான் ஓடையில் விடும். பெர்த்தின் அணைகளுக்கான நீர்வரத்து ஏறக்குறைய 80 சதவீதம் சரிந்தது அதனால்தான். 2006இல் குவினானாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அடுத்து பின்னிங்கப்பில் இன்னொன்று. குழாய்நீரில் தெளிப்பான் ஓட்ட வாரத்துக்கு இரண்டே நாள்தான் அனுமதி. ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை அதுவும் கிடையாது. இத்தனை மின்சாரம் செலவழித்து உப்பு நீக்கிய கடல்நீரை, யாரும் மிதிக்காத புல்லின் மேல் தெளிக்கிறோமே என்ற எண்ணம் மெல்ல உறைக்கத் தொடங்கியது.

சரி, புல்லை எடுத்துவிட்டு எதை நடுவது? கடையில் பூத்து நிற்கும் எதையோ வாங்கி வந்து வைத்தால் முதல் கோடையிலேயே கருகும். காரணம், பெர்த் நிற்கும் மண். ஸ்வான் கரையோரச் சமவெளி என்கிற அந்த நிலப்பரப்பு, பழைய கடலோர மணல்மேடுகளால் ஆனது. கோடைக் கடைசியில் அந்த மணலை ஒரு கை அள்ளி அதன்மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உள்ளே இறங்காது. உருண்டு மேலேயே நிற்கும். இலைதழை மக்கும்போது வெளிவரும் மெழுகு, மணல்துகள் ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். பெய்கிற மழை கிடைத்த சில வாய்க்கால்கள் வழியே கீழே பாய்ந்துவிட, பக்கத்திலேயே ஒரு சாண் மண் பொட்டுக்கூட நனையாமல் இருக்கும். தோட்டக்காரர்கள் மணலோடு களிமண்ணைக் கலப்பதும், சோப்பு போல் வேலை செய்யும் ஈரமூட்டிகளை ஊற்றுவதும் இதற்காகத்தான்.

இரண்டாவது சிக்கல், பட்டினி. நெடுங்காலம் மழையில் கழுவப்பட்ட பழைய நிலம் அது. பாஸ்பரஸ் கிட்டத்தட்ட இல்லை. இருக்கும் துளியும் இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கிடக்கும். அந்த மணலில்தான் பேங்க்சியா, ஹேக்கியா, கிரெவில்லியா எல்லாம் செழித்து நிற்கின்றன. ஒரு பேங்க்சியாவின் மேல்வேரை மழைக்காலத்தில் மெதுவாகத் தோண்டிப் பார்த்தால், சிறுவேர்கள் நெருக்கமாக முளைத்து ஒரு மெத்தையாகப் பின்னிக் கிடப்பது தெரியும். இவற்றுக்கு வேர்க்கொத்து என்று பெயர் வைக்கலாம். ஒவ்வொரு கொத்தும் சில வாரங்கள்தான் உயிரோடு இருக்கும். அந்தக் கொஞ்ச காலத்துக்குள் சிட்ரேட், மாலேட் போன்ற கரிம அமிலங்களைச் சுற்றியுள்ள மண்ணில் கொட்டும். இரும்பைவிட்டுக் கழன்று வரும் பாஸ்பரஸை உடனே உறிஞ்சும். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் லாம்பர்ஸும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகளாக ஆராய்ந்த விஷயம் இது.

இந்தத் திறமைக்கு ஒரு விலை உண்டு. பஞ்சத்திலேயே வளர்ந்த இந்தச் செடிகளில் பலவற்றுக்கு ‘போதும்’ என்று நிறுத்தத் தெரியாது. புல்லுக்குப் போடும் சாதாரண உரத்தைப் போட்டால் பாஸ்பரஸை உறிஞ்சி உறிஞ்சி இலையில் நச்சாகச் சேர்த்துக்கொண்டு மஞ்சளித்துச் சாகும். ஆண்டுக்கணக்காக உரம் போட்ட புல்வெளியை அகற்றிவிட்டு அதே இடத்தில் பேங்க்சியா நட்டவர்களுக்குச் செடி ஏன் செத்தது என்றே புரிவதில்லை. மேல்மண்ணைச் சில அங்குலம் வழித்தெடுத்துவிட்டு நடச் சொல்வதற்குக் களையின் வேர் ஒரு காரணம் என்றால், பழைய உரம் இன்னொரு காரணம். அந்த உரத்துக்குப் போக்கிடமும் இருக்கிறது. மணல் அதைப் பிடித்து வைக்காது. நிலத்தடி நீரோடு அது ஸ்வான் ஆற்றுக்குப் போகும். 2000 பிப்ரவரியில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நச்சுப்பாசி பெருகி, ஆற்றில் யாரும் இறங்கக் கூடாது என்று மூட வேண்டி வந்தது. அந்த ஆண்டு பருவம் தப்பிக் கொட்டிய மழையும் உள்நாட்டு வயல்களின் உரமும் அதில் பெரும்பங்கு வகித்தன; பழியை வீட்டுப் புல்வெளியின் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. அதன் பங்கும் இருந்தது என்பதுதான் விஷயம்.

இனி விதிகள். மேற்கு ஆஸ்திரேலிய நகராட்சிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிச் சட்டத்தைச் சிறு மாற்றங்களோடு வைத்திருக்கின்றன. சாரம் இதுதான்: புல் வளர்க்கலாம், தோட்டம் போடலாம். சந்திப்பிலும் வளைவிலும் வாகனம் வெளிவரும் பாதையிலும் பார்வை மறையக் கூடாது. நடைபாதை இல்லாத தெருவில், கல்விளிம்பை ஒட்டி இரண்டு மீட்டர் அகலத்துக்கு நடப்பவருக்கு வழி விட வேண்டும். கெட்டியான தளம் மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சுவரோ கட்டுமானமோ எழுப்பக் கூடாது. முள்ளும் நச்சும் உள்ள செடி ஆகாது. செடியின் உயரத்துக்குப் பல நகராட்சிகள் 50 முதல் 75 சென்டிமீட்டர் வரை வரம்பு வைத்திருக்கின்றன.

75 என்ற எண் யாரோ வாய்க்கு வந்ததைச் சொன்னது போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆஸ்திரேலியச் சாலை வடிவமைப்பில் கார் ஓட்டுபவரின் கண் தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். அவருக்கு மூன்று மீட்டர் தள்ளி ஒரு புதர்; புதருக்கு ஒரு மீட்டர் பின்னால் இரண்டு வயதுக் குழந்தை, உயரம் சுமார் 85 சென்டிமீட்டர். புதர் ஒரு மீட்டர் உயரம் என்றால், அதன் உச்சியை உரசிச் செல்லும் பார்வைக்கோடு குழந்தை நிற்கும் இடத்தில் 97 சென்டிமீட்டரில் இருக்கும். குழந்தை முழுவதும் மறைந்துவிடும். புதர் 75 என்றால் கோடு 63க்கு இறங்கும். தலையும் தோளும் தெரியும். 50 என்றால் கோடு 30க்கு வந்துவிடும். குழந்தையின் பெரும்பகுதி கண்ணில் படும். வாசலில் காரைப் பின்னோக்கி எடுக்கும் அரை நிமிடத்துக்காக எழுதப்பட்ட விதி இது. இதில் எனக்கு மறுபேச்சில்லை.

வியப்பு என்னவென்றால், இந்த உயரவரம்பு அந்த மண்ணின் தாவரங்களோடு ஒத்துப்போகிறது. தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் சுமார் 8,000 வகைச் செடிகொடிகள் உண்டு. அவற்றில் பாதியளவு உலகில் வேறெங்கும் இல்லை. பெர்த்துக்கு வடக்கே மணற்பரப்புகளில் ‘குவாங்கன்’ என்று நூங்கார் பூர்வகுடிகள் பெயரிட்ட புதர்வெளி விரிந்து கிடக்கிறது. இடுப்பளவுக்கு மேல் எதுவும் அதிகம் வளராத அந்த வெளியில்தான் வகைப்பெருக்கம் உச்சத்தில் இருக்கிறது. மண்ணோடு படரும் கிரெவில்லியா கிரித்மிஃபோலியா, தடித்த இலையோடு நீலவிசிறிப் பூ விரிக்கும் ஸ்கேவோலா, சாம்பல் நிறத் தூரில் மஞ்சள் பூங்கொத்து தாங்கும் கோனோஸ்டைலிஸ் போன்றவை கத்தரிக்கோல் படாமலே விதிக்குள் அடங்கிவிடும். போக்குவரத்துப் பொறியாளர் பார்வைக்கோட்டுக்காகப் போட்ட எல்லைக்குள் ஒரு முழுத் தாவர உலகமே ஏற்கெனவே குடியிருந்தது.

உரசல்களும் இல்லாமல் இல்லை. மாநில மலராகிய கங்காருப் பாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இலைக்கொத்து முழங்கால் அளவுதான். ஆகஸ்டில் அதன் நடுவிலிருந்து பூந்தண்டு கிளம்பி ஒரு மீட்டர் வரை போகும்: சிவப்புத் தண்டு, பச்சைப் பூ, இரண்டின் மேலும் வெல்வெட்டு ரோமம். தேனுண்ணிப் பறவை அலகை நுழைக்கும்போது அதன் தலையில் மகரந்தம் தடவப்படும்படி பூவின் மகரந்தத்தாள்கள் வளைந்து நிற்கும். எழுத்துப்படி பார்த்தால் அந்த மூன்று மாதம் மாநில மலர் விதியை மீறுகிறது. விரல் தடிமன்கூட இல்லாத தண்டு எந்தக் குழந்தையையும் மறைக்காது. உயரம் என்ற அளவை எழுத எளிது; அடர்த்தியை எழுதக் கடினம். அதனால் விதி உயரத்தைப் பிடித்துக்கொள்கிறது. மிச்சம் அதிகாரியின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது.

முள் விஷயம் இதைவிடச் சிக்கல். அந்த மணலில் ஓர் இலையை உருவாக்குவதே பெரிய செலவு. தின்னக் கொடுத்தால் ஈடுகட்டச் சத்து இல்லை. ஆகவே அங்குள்ள செடிகளில் பல இலையைத் தடிப்பாக்கி, விறைப்பாக்கி, நுனியைக் கூர்மையாக்கிக் காப்பாற்றிக்கொள்கின்றன. படர்செடியாக நர்சரிகளில் விற்கும் ஹெமியாண்ட்ராவின் இலைநுனிகூட வெறுங்காலில் குத்தும். ‘முள் கூடாது’ என்பதைக் கறாராக அமல்படுத்தினால், அந்த மண் தன் செடிகளுக்குக் கற்றுக்கொடுத்த முக்கியமான பாடத்தையே தடைசெய்ததாகும். நடக்கும் வழியிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளி நடு என்று சொன்னால் போதும். சில நகராட்சிகளின் வழிகாட்டிகள் அந்தத் திசையில்தான் போகின்றன.

‘நாட்டுச்செடி’ என்று பொதுவாகச் சொல்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆஸ்திரேலியா ஒரு கண்டம். கிழக்குக் கரையின் வாட்டில் மரங்களில் சில மேற்குக் கரையில் களையாகப் பரவியிருக்கின்றன. அதே குடும்பத்துக் கறுப்பு வாட்டில் 19ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்கு வந்து சோலைப் புல்வெளிகளை விழுங்கிய கதை நமக்குத் தெரியும். ஒரு செடி களையாவதற்கு நாடு மாற வேண்டியதில்லை, கரை மாறினாலே போதும். நல்ல நகராட்சிப் பட்டியல் ‘ஆஸ்திரேலியச் செடி’ என்பதோடு நிற்காது. எந்த மணல்மேட்டைச் சேர்ந்த செடி என்றுகூடப் பிரித்துச் சொல்லும்.

தரைக்கடியில் இன்னொரு உலகம். தண்ணீர்க் குழாய், எரிவாயு, மின்கம்பி, தொலைத்தொடர்பு எல்லாம் இந்த ஓரத்துண்டின் கீழேதான் ஓடுகின்றன. குழி தோண்டும் முன் வரைபடம் கேட்டு வாங்க ஒரு தேசியச் சேவையே இருக்கிறது. குழாய் உடைந்து தோண்ட வருபவர்கள் உங்கள் தோட்டத்துக்கு நஷ்டஈடு தர வேண்டியதில்லை. செடியை மறுபடி நட்டுத் தரவும் வேண்டாம். தேவையென்றால் குழியை மணலால் நிரப்பிவிட்டுப் போகலாம் என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. அங்கே மணலுக்குத்தான் என்ன பஞ்சம். விலையுயர்ந்த ஒரே செடியைவிட, ஒடித்து நட்டால் வேர்பிடிக்கும் படர்செடிகள் பல இருப்பதே தெரு ஓரத்துக்குப் புத்திசாலித்தனம்.

மூடாக்கு பற்றி ஒரு வார்த்தை. ஈரம் காக்கக் கரடுமுரடான மரச்சில்லுகளை ஐந்தாறு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பச் சொல்வார்கள். பொடியான மூடாக்கு மழையைத் தானே குடித்துவிடும். அதனால் கரடுதான் நல்லது. ஆனால் ஆஸ்திரேலியாவின் சொந்தத் தேனீக்களில் பெரும்பகுதி தரைக்கு மேலே கூடு கட்டுவதில்லை. தரையில் துளையிட்டுத்தான் முட்டையிடும். முழுவதையும் மரச்சில்லால் மூடினால் பூ கிடைக்கும், வீடு கிடைக்காது. ஓர் ஓரத்தில் கொஞ்சம் வெறும் மணலை விட்டுவைக்க வேண்டும். அதைப் பார்த்து ‘வேலை முடியவில்லையா?’ என்று கேட்கும் அண்டைவீட்டாரும் விதியில் எழுதாத ஒரு விதிதான். 2021இல் கிழக்கு ஃப்ரீமாண்டிலில் பாலிஃபேகஸ் ஷாட்ஹோல் போரர் என்ற துளைவண்டு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, மரத்துண்டுகளையும் மூடாக்கையும் இடம் மாற்றுவதற்கே கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. எள்ளளவு வண்டு, அது தன்னோடு கொண்டுவரும் பூஞ்சை பெரிய மரங்களைக் காயவைக்கிறது. பக்கத்து வீட்டில் வெட்டிய மரத்தை அரைத்து வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழைய சிக்கனம் இப்போது யோசித்துச் செய்ய வேண்டியதாகிவிட்டது.

இத்தனை சின்னத் துண்டுகளால் என்ன ஆகிவிடப்போகிறது என்ற கேள்வி நியாயமானது. மெல்போர்னில் ஏட்ரியன் மார்ஷலும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, அந்நகரின் பொதுப் பசுமைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாலையோரத் துண்டுகளே என்று கணக்கிட்டது. பூங்கா அமைக்க நிலம் தேடும் நகரம், தன் பூங்காவின் கணிசமான பகுதியை வாசல்தோறும் பிரித்து வைத்திருக்கிறது. அதே நகரில் லூயிஸ் மாட்டாவும் குழுவினரும் ஒரு பெரிய தெருவை ஒட்டிய 195 சதுர மீட்டர் இடத்தைக் கவனித்தார்கள். முதலில் அங்கே கிக்குயூ புல்லும் ஒரு யூகலிப்டஸ் மரமும்தான். களையெடுத்து, 12 வகை உள்ளூர்ச் செடிகளை நட்டார்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் பூச்சியினங்கள் தொடக்கத்தைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். மொத்தம் 94 இனங்கள், மூன்றைத் தவிர எல்லாம் அந்த மாநிலத்தின் சொந்த இனங்கள். ஒரே இடத்து ஆய்வு. எல்லாத் தெருவிலும் ஏழு மடங்கு என்று நீட்டக் கூடாது. வந்த பூச்சிகளில் இரைகொல்லிகளும் ஒட்டுண்ணிக் குளவிகளும் இருந்தன என்பதுதான் எனக்கு அந்த ஆய்வின் மிக முக்கியமான வரி. தேன் குடிக்கும் பூச்சிகள் வருவது எளிது. அவற்றைத் தின்பவையும் வந்து தங்குவதற்கு ஓர் உணவுச்சங்கிலி உருவாகியிருக்க வேண்டும்.

மார்ஷல் குழுவின் இன்னொரு ஆய்வு சொல்வது: ஒருவர் தெரு ஓரத்தில் செடி நடுவாரா என்பதை, சுற்றிலும் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது பலமாகத் தீர்மானிக்கிறது. தெருவில் ஒருவர் தொடங்கினால் எதிர்வீடு யோசிக்கும். விதியின் தொனி இங்கே கனமாகிறது. குயின்ஸ்லாந்தில் புடெரிம் என்ற ஊரில் சில தெருக்கள் சேர்ந்து ஓரங்களில் பழமரங்கள் வளர்த்தன. 2017இல் அனுமதிச்சீட்டு வாங்காத வீடுகளின் முன்னிருந்த மரங்களை நகராட்சி அகற்றியது. சீட்டுக்குக் கட்டணம்கூட இல்லை. சட்டப்படி நகராட்சி செய்தது சரியாக இருக்கலாம். அடுத்த தெருவில் மண்வெட்டி எடுக்க இருந்தவர் அதைப் பார்த்து என்ன முடிவெடுத்திருப்பார் என்று கேட்டால், அந்தச் சரி போதவில்லை. பெர்த்தின் பல நகராட்சிகள் எதிர்வழியில் போயின: வரம்புக்குள் நட்டால் அனுமதியே கேட்க வேண்டாம். இது மேல் என்பது என் கட்சி. எதைப் பார்க்க முடிய வேண்டும், எங்கே நடக்க முடிய வேண்டும் என்று விதி சொல்லட்டும். ‘நேர்த்தியாக வைத்திரு’ என்று மட்டும் சொல்ல வேண்டாம். நேர்த்தி என்றால் அதிகாரியின் கண்ணில் எப்போதும் வெட்டிய புல்தான்.

நடுவதற்குக் காலம் உண்டு. நூங்கார் நாள்காட்டியில் ஆறு பருவங்கள். வெயில் தணியும் ஜெரான் ஏப்ரல், மே மாதங்களில் வரும்; மழை இறங்கும் மகுரு ஜூன், ஜூலையில். அப்போது நட்டால் வேர் கோடைக்குள் ஆழம் பார்த்துவிடும். முதல் இரண்டு கோடைக்குக் கையால் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். பிறகு குழாயை மூடிவிடலாம்.

முக்கால் மீட்டருக்கு மேல் என்ன இருக்கிறது என்பது குடியிருப்பவர் கையில் இல்லை. தெருமரம் நடுவதும் கிளை வெட்டுவதும் நகராட்சி மட்டுமே செய்யலாம். படர்செடிகள் தேனீக்கும் தேனுண்ணிக்கும் சோறு போடும். கார்னபி கறுப்புக் காக்கட்டூவுக்குப் போடாது. அழிவின் விளிம்பில் இருக்கும் அந்தப் பறவை பேங்க்சியா, மர்ரி ஆகிய மரங்களின் விதைகளைத் தின்ன இந்தச் சமவெளிக்கு இறங்கி வருகிறது. சமவெளியின் பேங்க்சியா காடுகளோ 2016இல் அருகிவரும் சூழல்தொகுதியாக அரசால் பட்டியலிடப்பட்டவை. ஆனால் பெர்த் தெருக்களில் நகராட்சிகள் ஆண்டுக்கணக்காக நட்டு வந்தது ஜக்கரண்டாவையும் குயின்ஸ்லாந்து பாக்ஸையும்தான். மர்ரியை நடத் தயங்குவதற்குக் காரணம் கேட்டால், பெரிய கட்டைக்காய்கள் நடைபாதையில் விழுந்து மிதிப்பவர் சறுக்கி விழுவார் என்பார்கள். மேலே மின்கம்பி போகிறது என்பார்கள். இரண்டும் உண்மை. நடைபாதை ஒரு பக்கமே இருக்கிற, மின்கம்பி தரைக்கடியில் போய்விட்ட தெருக்களும் பெர்த்தில் நிறைய இருக்கின்றன. அங்கெல்லாம் மர்ரியை ஏன் நடவில்லை என்று நகராட்சிக் கூட்டத்தில் கேட்க வேண்டியது, கீழே கிரெவில்லியா நட்டு முடித்தவர்களின் அடுத்த வேலை.